ஆன்டிபாடி தீர்ந்த பிறகு வைரஸை அடக்கியது யார்?

2017 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வில் 13 ரீசஸ் குரங்குகளுக்கு எச்ஐவி போன்ற ஒரு வைரஸை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் தொடங்கி, இரண்டு வார காலத்தில் மூன்று தடவை, வைரஸைப் பிடிக்கும் நோயெதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகளில் இரண்டு வகையை ரத்தத்தில் செலுத்தினார்கள். சிகிச்சை அவ்வளவுதான். அப்புறம் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. செலுத்திய ஆன்டிபாடி சில மாதங்களில் உடம்பைவிட்டுப் போனது. போனதும் எல்லாக் குரங்குகளின் ரத்தத்திலும் வைரஸ் தலைகாட்டியது. இதுவரை நடந்தது யாரும் எதிர்பார்த்ததுதான். அதன்பிறகு 13-ல் 6 குரங்குகள் வெளி உதவி எதுவும் இல்லாமல் வைரஸைத் திரும்பவும் கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் கீழே இறக்கின. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆன்டிபாடி தீர்ந்துவிட்டது. மருந்தும் இல்லை. அப்படியானால் வைரஸை அடக்கியது யார்?

ஆன்டிபாடியும் டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை விளக்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. பாடப்புத்தகத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். ஆன்டிபாடி வெளியே மிதக்கும் வைரஸைப் பிடிக்கும், டி செல் தொற்று ஏறிய செல்லைக் கொல்லும், ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது என்றுதான் படித்திருப்போம். உண்மையில் ஒரு வைரஸின் எந்தத் துண்டு, எந்த செல் வழியாக, எந்த நேரத்தில் டி செல்லின் கண்ணில் படும் என்பதை ஆன்டிபாடி பெருமளவுக்கு மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் எப்போதும் நல்ல திசையில்தான் போகும் என்றும் சொல்ல முடியாது. அந்த எதிர்ப்பக்கத்தையும் பிறகு பார்ப்போம்.

வைரஸும் ஆன்டிபாடிகளும்

ஆய்வை நடத்தியவர்கள் அமெரிக்க தேசிய ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் மால்கம் மார்ட்டினின் குழுவும் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மிஷேல் நுசன்ஸ்வைக்கின் குழுவும். முதல் ஆசிரியர் யோஷியாகி நிஷிமுரா.

குரங்குகளுக்கு ஏற்றியது நேரடி எச்ஐவி இல்லை. எச்ஐவி ரீசஸ் குரங்கில் சரியாகப் பெருகாது. குரங்கு வைரஸான எஸ்ஐவியை மட்டும் ஏற்றினால், எச்ஐவியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளுக்கு அதன் வெளியுறையில் பிடிப்பு கிடைக்காது. அதனால் இரண்டையும் ஒட்டிச் செய்த கலப்பு வைரஸைப் பயன்படுத்தினார்கள். அதைச் சுருக்கமாக ஷிவ் என்பார்கள். இதன் வெளியுறைப் புரதம் எச்ஐவியுடையது, உள்ளிருக்கும் காக் போன்ற புரதங்கள் எஸ்ஐவியுடையவை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி பிடிப்பது வெளியுறையை மட்டும்தான். டி செல்லோ வெளியுறை, காக் என்று வைரஸின் எந்தப் புரதத்தின் துண்டையும் அடையாளம் காணும். இந்த வழக்கு முழுக்க அந்த இடைவெளியைச் சுற்றித்தான் நடக்கிறது.

செலுத்திய ஆன்டிபாடிகள் 3பிஎன்சி117, 10-1074. இரண்டுமே எச்ஐவி தொற்றுள்ளவர்களின் பி செல்களிலிருந்து, அதாவது ஆன்டிபாடி உண்டாக்கும் செல்களிலிருந்து, பிரித்தெடுக்கப்பட்டவை. பலவகை எச்ஐவியையும் முடக்கக்கூடியவை என்பதால் 'பரந்த முடக்கும் ஆன்டிபாடி' என்ற வகையில் வருகின்றன. வைரஸ் உள்ளே நுழைய, செல்லின் மேலுள்ள சிடி4 என்ற ஏற்பியை வெளியுறையின் ஓர் இடத்தால் பற்றிக்கொள்ளும். 3பிஎன்சி117 அதே இடத்தில் போய் உட்காரும். 10-1074, வெளியுறையின் வி3 வளையத்தின் அடியில் உள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கும். ஒன்றிலிருந்து தப்பிக்க வைரஸ் மாறினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இரண்டைச் சேர்த்ததன் நோக்கம்.

நடந்தது என்ன

ஆன்டிபாடி உடம்பில் எவ்வளவு நாள் தங்கியதோ அதற்கேற்ப, 56 முதல் 177 நாள் வரை ரத்தத்தில் வைரஸ் அளவிடும் எல்லைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குரங்குக்குக் குரங்கு இவ்வளவு வித்தியாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. இவை மனித ஆன்டிபாடிகள். குரங்கின் உடம்பு இவற்றை அயல் பொருளாகக் கண்டு இவற்றுக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கும். எந்தக் குரங்கில் அது சீக்கிரம் உண்டானதோ, அங்கே சிகிச்சையும் சீக்கிரம் முடிந்துபோகும்.

அதன்பிறகு, முன்பே சொன்னபடி, 13 குரங்குகளிலும் வைரஸ் எழுந்தது. ஆறில் திரும்ப அடங்கியது. இன்னும் நான்கு குரங்குகள் வைரஸை முழுசாக அடக்கவில்லை என்றாலும் அளவைக் குறைவாகவே வைத்திருந்தன, வைரஸ் தாக்கும் சிடி4 உதவி டி செல்களின் எண்ணிக்கையும் அவற்றில் சரியவில்லை. ஆக 13-ல் 10 குரங்குகளுக்கு அந்த இரண்டு வாரச் சிகிச்சையால் நீண்டகாலப் பலன் கிடைத்தது. கொடுத்த மருந்து உடம்பில் இல்லாத காலத்தில் கிடைத்த பலன் இது.

கொடுத்த ஆன்டிபாடி தடுப்பூசி போல உடம்பின் சொந்த டி செல்லை எழுப்பிவிட்டது என்ற பொருளில், சிலர் இந்த இடத்திலேயே 'தடுப்பூசி விளைவு' என்று எழுதிவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. ஆறு குரங்குகள் வைரஸை அடக்கின என்பது மட்டும் டி செல்லை நிரூபிக்காது. குரங்கே சொந்தமாக நல்ல ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். வைரஸ் மாறிப் பலவீனமாகியிருக்கலாம். இயல்பிலேயே வைரஸைக் கட்டுப்படுத்தும் மரபணு அமைப்புள்ள குரங்குகளாகக்கூட இருக்கலாம். ஆய்வாளர்கள் அடுத்துச் செய்த சோதனைதான் இந்த ஆய்வின் உயிர்.

சிடி8 செல்லை அகற்றிப் பார்த்தது

வைரஸை அடக்கி வைத்திருந்த குரங்குகளுக்கு இன்னொரு ஆன்டிபாடி செலுத்தினார்கள். இது வைரஸைப் பிடிப்பது இல்லை. குரங்கின் சிடி8 டி செல்களை, அதாவது தொற்று ஏறிய செல்லைக் கொல்லும் வகை டி செல்களை, பிடித்து அழிப்பது. சிடி8 செல்கள் ரத்தத்தில் சரிந்தன. வைரஸ் உடனே மேலே வந்தது.

இதில் ஒரு சிறிய தேர்வை விட்டுவிடாமல் பார்க்க வேண்டும். சிடி8 என்ற மூலக்கூறு இரண்டு சங்கிலிகளால் ஆனது, ஆல்ஃபா, பீட்டா. இப்படி சிடி8 செல்லை அகற்றும் பழைய சோதனைகள் பலவற்றில் ஆல்ஃபா சங்கிலியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் குரங்கின் இயற்கைக் கொலைகார செல்களும் (தொற்று ஏறிய செல்லைக் கொல்லும், டி செல் அல்லாத வேறொரு வகை) ஆல்ஃபா சங்கிலியைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அப்படிச் செய்தால் இரண்டு வகை செல்லும் சேர்ந்தே போய்விடும், எது வைரஸை அடக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிஷிமுரா குழு பீட்டா சங்கிலியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுத்தது. பீட்டா சங்கிலி வழக்கமான சிடி8 டி செல்லில் இருக்கும், இயற்கைக் கொலைகார செல்லில் இருக்காது. அதனால்தான் இந்த முடிவைச் சந்தேகமில்லாமல் ஏற்க முடிகிறது: வைரஸை அடக்கி வைத்திருந்தது சிடி8 டி செல்தான்.

சரி, 'யார்' என்பதற்குப் பதில் வந்துவிட்டது. ஆன்டிபாடிக்கும் இந்த டி செல்லுக்கும் என்ன உறவு என்பது இன்னும் மிச்சமிருக்கிறது.

மருந்தோடு ஒப்பிட்டது, அதில் எனக்குள்ள தயக்கம்

ஒப்பீட்டுக்காக வேறொரு குழுக் குரங்குகளுக்கு அதே மூன்றாம் நாளில் எச்ஐவிக் கூட்டு மருந்தைத் தொடங்கி 15 வாரம் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தியதும் வைரஸ் எழுந்தது, எழுந்தது அப்படியே நின்றது. ஆன்டிபாடி பெற்ற குரங்குகளில் வந்த அடக்கம் இவற்றில் வரவில்லை.

இதைவைத்து, ஆன்டிபாடி வெறும் மருந்து போல வைரஸை நிறுத்தவில்லை, அதற்கு மேலாகவும் ஏதோ செய்தது என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. மருந்தும் ஆன்டிபாடியும் வைரஸை ஒரே மாதிரி நிறுத்துவதில்லை. கூட்டு மருந்து வைரஸ் பெருகும் இயந்திரத்தையே முடக்குகிறது. புது செல்களுக்குத் தொற்று ஏறாததால், சிறிது காலத்தில் டி செல் பார்க்க ஆன்டிஜெனும் (டி செல் அடையாளம் காணும் வைரஸ் புரதமும்) ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆன்டிபாடி அப்படியில்லை. வைரஸ் துகள் உண்டான பிறகுதான் அதைப் பிடிக்கிறது. ஏற்கெனவே தொற்று ஏறிய செல்கள் கொஞ்ச காலம் வைரஸைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். தவிர, மருந்தை நிறுத்துவது ஒரே நாளில் நடப்பது. ஆன்டிபாடி வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்கிறது. அந்தத் தேய்வுக் காலத்தில் சிறிதளவு வைரஸ், பாதி கட்டுப்பாட்டில், டி செல்லுக்குப் பாடம் எடுத்திருக்கலாம். ஆன்டிபாடி நேரடியாக எதுவும் செய்யாமல், வைரஸின் வேகத்தைக் குறைத்து டி செல்லுக்கு அவகாசம் கொடுத்தது மட்டுமே காரணமாக இருந்தாலும் இதே முடிவு வந்திருக்கும்.

இதை எப்படிப் பிரிப்பது? ஆன்டிபாடியின் இரண்டு முனைகளைப் பிரித்தால்தான் முடியும்.

ஆன்டிபாடியின் மறுமுனை

ஆன்டிபாடி ஒய் வடிவம் கொண்டது. இரண்டு கைகள் வைரஸைப் பிடிக்கும். கீழே உள்ள தண்டுப் பகுதியை எஃப்சி என்பார்கள். பல நோயெதிர்ப்பு செல்களின் மேல் இந்த எஃப்சியைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. டென்டிரைட்டிக் செல் அவற்றில் முக்கியமானது. வைரஸும் ஆன்டிபாடியும் சேர்ந்த கட்டியை அது எஃப்சி வழியாகப் பிடித்து உள்ளே இழுக்கிறது, வெட்டித் துண்டாக்குகிறது, துண்டுகளை எம்எச்சி என்ற தாங்கி மூலக்கூறில் வைத்து டி செல்லுக்குக் காட்டுகிறது.

பொதுவாக வெளியிலிருந்து உள்ளே வந்த புரதம் எம்எச்சி இரண்டாம் வகையில் ஏறி சிடி4 செல்லுக்குத்தான் போகும். சிடி8 செல்லுக்குப் போக வேண்டுமானால் எம்எச்சி முதல் வகையில் ஏற வேண்டும், அதற்கு அந்த செல்லுக்குள்ளேயே உண்டான புரதம் வேண்டும். டென்டிரைட்டிக் செல் இந்த விதியை மீறக்கூடியது. வெளியிலிருந்து எடுத்ததையும் முதல் வகையில் ஏற்றிவிடும். இதைக் குறுக்கு வழங்கல் என்கிறார்கள். தனியாக மிதக்கும் ஆன்டிஜெனைவிட ஆன்டிபாடியோடு சேர்ந்த கட்டி இந்தக் குறுக்கு வழங்கலை நன்றாகத் தூண்டுகிறது. அதோடு, எஃப்சி ஏற்பி தூண்டப்பட்டால் டென்டிரைட்டிக் செல் முதிர்ந்து, டி செல்லை எழுப்பத் தேவையான துணைச் சமிக்ஞைகளையும் காட்டத் தொடங்குகிறது. துண்டை மட்டும் காட்டி, சமிக்ஞை கொடுக்காவிட்டால் டி செல் எழுவதற்குப் பதில் அடங்கிவிடும். அதனால் இந்த இரண்டாவது வேலை முதலாவதைவிடக் குறைந்தது இல்லை.

எல்லா எஃப்சி ஏற்பியும் ஒரே திசையில் தள்ளுவதும் இல்லை. எஃப்சி காமா இரண்டு-ஏ தூண்டும். இரண்டு-பி தடுக்கும். ஒரே டென்டிரைட்டிக் செல்லில் இரண்டும் இருக்கலாம். எது மேலோங்குகிறது என்பது ஆன்டிபாடியின் துணைவகை, அதன் தண்டில் உள்ள சர்க்கரை, சூழலில் உள்ள அழற்சி எல்லாவற்றையும் பொறுத்தது.

இந்த வழி வெறும் கற்பனை இல்லை என்று காட்டும் எலிச் சோதனைகள் நிஷிமுரா ஆய்வுக்கு முன்பே வந்துவிட்டன. பிரான்சின் மோன்பெலியே நகரில் மிரேயா பெலெக்ரினும் மார்க் பியெஷாசிக்கும் வருடக்கணக்காக ஒரே மாதிரியில் வேலை செய்தார்கள். எலிக்குஞ்சுகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு ரெட்ரோவைரஸை ஏற்றி, சிறிது காலம் மட்டும் ஓர் ஆன்டிபாடி கொடுத்தார்கள். அந்த ஆன்டிபாடி மறைந்து வெகுகாலம் ஆன பிறகும் எலிகள் பாதுகாப்போடு இருந்தன, அவற்றில் வலுவான கொலைகார டி செல்களும் இருந்தன. 2010-ல் இவர்கள் வெளியிட்ட சோதனைதான் நம் வழக்குக்கு முக்கியமானது. எஃப்சி தண்டை வெட்டிவிட்டு, வைரஸை முடக்கும் கைகளை மட்டும் கொடுத்தால் அந்த நீண்டகாலப் பாதுகாப்பு வரவில்லை. தண்டு இருந்து முடக்கும் திறன் இல்லாத ஆன்டிபாடியும் போதவில்லை. வைரஸை நிறுத்தும் கையும் வேண்டும், செல்லைக் கூப்பிடும் தண்டும் வேண்டும்.

2020-ல் இன்னொரு திசையிலிருந்து இதே முடிவு வந்தது. ராக்பெல்லரில் ஜெஃப்ரி ரேவெட்ச்சின் குழு, மனித எஃப்சி ஏற்பிகளைத் தாங்கும் எலிகளில் இன்ஃபுளுவென்சா ஆன்டிபாடியைச் சோதித்தது. ஆன்டிபாடியின் கைகளில் கைவைக்கவில்லை, தண்டில் மூன்று அமினோ அமிலங்களை மட்டும் மாற்றினார்கள், எஃப்சி காமா இரண்டு-ஏ ஏற்பியை இறுக்கமாகப் பிடிக்கும்படி. வைரஸைப் பிடிக்கும் திறன் அப்படியே இருக்க, பாதுகாப்பு கூடியது. டென்டிரைட்டிக் செல்கள் முதிர்ந்தன, சிடி8 பதில் எழுந்தது. கையை மாற்றாமல் தண்டை மட்டும் மாற்றியதால் இந்தச் சோதனையில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

செல்லின் மேலுள்ள எஃப்சி ஏற்பிகளோடு முடியாமல், செல்லின் உள்ளே நடக்கும் வழியும் ஒன்று உண்டு. வைரஸின் உள்புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் வைரஸை முடக்குவதில்லை, அதனால் பல காலம் அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2021-ல் கேம்பிரிட்ஜில் லியோ ஜேம்ஸ் குழு, எல்சிஎம்வி என்ற எலி வைரஸின் நியூக்ளியோபுரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, செல்லின் உள்ளே ட்ரிம்21 என்ற புரதத்திடம் மாட்டுகிறது என்று காட்டியது. ட்ரிம்21 அந்தக் கட்டியை நேராகப் புரோட்டியாசோம் என்ற அரைக்கும் கூடத்துக்கு அனுப்புகிறது. அங்கே வெட்டுப்பட்ட துண்டுகள் எம்எச்சி முதல் வகைக்குப் போய், சிடி8 பதிலை எழுப்புகின்றன.

எதிர்த்திசை: ஆன்டிபாடியே திரை போடும்போது

இங்கேயே முடித்தால் கதை அழகாக இருக்கும், ஆனால் அரைகுறையாக இருக்கும்.

ஆன்டிஜெனை வெட்டும் வேலை டென்டிரைட்டிக் செல்லின் உள்ளே, அமிலம் நிறைந்த பைகளில் நடக்கிறது. ஆன்டிபாடி பிடித்திருக்கும் இடத்தை நொதி வெட்ட முடியாமல் போகலாம். 1995-ல் காலின் வாட்ஸும் அன்டோனியோ லான்சவெக்கியாவும் சேர்ந்து வெளியிட்ட டெட்டனஸ் நச்சுச் சோதனையில் இது பளிச்சென்று தெரிந்தது. ஒரே ஆன்டிபாடி, ஒரே ஆன்டிஜென். ஆன்டிபாடி ஒட்டியிருந்தபோது ஒரு துண்டின் வழங்கல் பத்து மடங்குக்கு மேல் கூடியது, இன்னொரு துண்டின் வழங்கல் கடுமையாகக் குறைந்தது. தனிக் கை மட்டும் ஒட்டியிருந்தாலும் அதே விளைவுதான், தண்டுக்கு இதில் பங்கில்லை. வெட்டும் இடத்தை ஆன்டிபாடி மாற்றிவிடுகிறது. அதனால் 'ஆன்டிபாடி டி செல்லைக் கூட்டுமா குறைக்குமா' என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது. எந்தத் துண்டுக்கான டி செல் என்று கேட்க வேண்டும்.

எச்ஐவியில் இது இன்னும் சிக்கலாகிறது. நியூயார்க்கில் கட்டரினா ஹியோவின் குழு, வெளியுறைப் புரதமான ஜிபி120-ஐப் பிடிக்கும் பல மனித ஆன்டிபாடிகளை எடுத்து, சிடி4 உதவி டி செல்கள் ஜிபி120-க்கு எப்படிப் பதில் தருகின்றன என்று பார்த்தது. சிடி4 ஏற்பி இணையும் இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் இருந்தால் பதில் படுத்துவிடுகிறது. ஜிபி120-ன் வேறு இடங்களைப் பிடிப்பவை அப்படிச் செய்வதில்லை. 2004-ல் வெளியான தாளில் காரணத்தையும் சொன்னார்கள். இந்த ஆன்டிபாடிகள் அமிலச் சூழலிலும் பிடியை விடுவதில்லை, ஜிபி120-ஐ நொதிகள் வெட்டவிடாமல் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. எச்ஐவி இந்த ஆன்டிபாடிகளையே கேடயமாக்கி உதவி டி செல்களிடமிருந்து தப்புகிறது என்பது அவர்கள் வாதம்.

இப்போது நம் குரங்குகளுக்குத் திரும்புவோம். 3பிஎன்சி117 எந்த இடத்தைப் பிடிக்கிறது? சிடி4 இணையும் அதே இடத்தை. ஹியோ சோதித்த ஆன்டிபாடிகளும் 3பிஎன்சி117-ம் ஒன்று இல்லை என்பது உண்மைதான், ஒவ்வொன்றின் கோணமும் பிடியும் வேறு. ஆனாலும் ஒரே வட்டாரத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒரு சோதனையில் டி செல்லை அடக்குவதாகவும், இன்னொன்றில் எழுப்புவதாகவும் தெரிந்தால் விளக்கம் கேட்கத்தான் வேண்டும்.

என் வாசிப்பு இது. ஹியோ அளந்தது ஜிபி120-க்கான சிடி4 பதிலை. குரங்கில் வைரஸை அடக்கியவை சிடி8 செல்கள், அவை வெளியுறையை நம்பி இருக்கத் தேவையே இல்லை. ஆன்டிபாடி வெளியுறையைப் பிடித்து முழு வைரஸ் துகளையும் டென்டிரைட்டிக் செல்லுக்குள் இழுத்துப் போகிறது. உள்ளே போனதும் வெளியுறை இறுக்கமான பிடியில் வெட்டுப்படாமல் கிடக்கலாம். உள்ளிருக்கும் காக் புரதத்தை யாரும் பிடித்திருக்கவில்லை, அது தாராளமாக வெட்டுப்படும். உறையின் மேல் கைபோட்டு இழுத்து வந்த கடிதத்தில் உறை கிழியாவிட்டாலும் உள்ளே இருந்ததைப் படிக்க முடிந்தது போல. இந்த விளக்கம் சரியென்றால், ஆன்டிபாடி சிகிச்சைக்குப் பிறகு காக்கிற்கான டி செல் பதில் கூட வேண்டும், வெளியுறைக்கான பதில் அந்த அளவுக்குக் கூடக் கூடாது.

காலம் என்ற மூன்றாவது ஆள்

மூன்றாம் நாளில் கொடுத்ததற்கும் நாள்பட்ட தொற்றில் கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. 2013-ல் டான் பரூக்கின் குழு, ஷிவ் தொற்று நாள்பட்டுவிட்ட குரங்குகளுக்கு பிஜிடி121 என்ற ஆன்டிபாடியைக் கொடுத்தது. (10-1074-க்கு உறவுக்காரர் இது. இரண்டும் ஒரே நபரின் பி செல்களிலிருந்து வந்தவை.) வைரஸ் வேகமாகச் சரிந்தது, காக்கிற்கான டி செல்களின் செயல்திறனும் கூடியது. ஆனால் ஆன்டிபாடி தீர்ந்ததும் பெரும்பாலான குரங்குகளில் வைரஸ் திரும்பியது, இடைநிலையாக 56 நாளில். ஒரு சிறு பகுதியில் மட்டும் அடக்கம் நீடித்தது.

நாள்பட்ட தொற்றில் டி செல்கள் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை 2015-ல் எல்சிஎம்வி எலிகள் காட்டின. நாள்பட்ட தொற்றில் ஆன்டிபாடியும் வைரஸும் சேர்ந்த கட்டிகள் உடம்பில் குவிந்துகிடக்கின்றன, எஃப்சி ஏற்பிகளை எல்லாம் அவையே அடைத்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து புதிதாக ஆன்டிபாடி கொடுத்தாலும் அதன் தண்டுக்குப் பிடிக்க ஏற்பி கிடைப்பதில்லை. கட்டி கொஞ்சமாக இருந்தால் டி செல்லுக்கு உதவி, அளவுக்கு மீறினால் அதுவே தடை. மூன்றாம் நாள் குரங்குகளில் அந்த நெரிசல் இன்னும் உண்டாகியிருக்கவில்லை.

தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியுள்ள குழந்தைகளையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆறு மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் குழந்தையின் சொந்த ஆன்டிபாடி பதில் மங்குகிறது, டி செல் பதிலோ பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஆன்டிபாடி பி செல்லின் கண்ணை மறைத்தாலும் டி செல்லின் கண்ணை மறைப்பதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது கடினம்.

மனிதர்களில்

அதே இரண்டு ஆன்டிபாடிகளை எச்ஐவி உள்ளவர்களுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஆய்வில் வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என மூன்று தடவை ஆன்டிபாடி செலுத்தினார்கள். இரண்டு ஆன்டிபாடிக்கும் கட்டுப்படும் வைரஸ் இருந்தவர்களில் வைரஸ் அடங்கியிருந்த காலத்தின் இடைநிலை 21 வாரம். 2020-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த தொடர் ஆய்வு இவர்களில் ஒன்பது பேரின் டி செல்களை எடுத்துப் பார்த்தது. வைரஸ் ரத்தத்தில் தெரியாத காலத்திலேயே எச்ஐவிக்கான டி செல் பதில் கூடியிருந்தது. குறிப்பாகக் கூடியது காக்கிற்கான சிடி8 பதில்.

காக் என்று கண்டதும் எனக்கு என் கணிப்பு பலித்தது போல இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இவர்கள் மருந்தை நிறுத்தியவர்கள். வைரஸ் ஒளிந்திருக்கும் செல்கள் அவ்வப்போது விழித்து, அளவிடும் எல்லைக்குக் கீழே கொஞ்சம் ஆன்டிஜெனை வெளியிட்டிருக்கும். அந்த ஆன்டிஜெனே டி செல்லை எழுப்பியிருக்கலாம், ஆன்டிபாடி வெறும் பார்வையாளராக இருந்திருக்கலாம். காக்கிற்கான பதில் எச்ஐவியில் இயல்பிலேயே வலுவானதும்கூட. குரங்கு ஆய்வில் நான் காட்டிய ஓட்டை இங்கேயும் அப்படியே இருக்கிறது.

வழக்கு எங்கே நிற்கிறது

நிஷிமுரா ஆய்வு உறுதியாக நிறுவியது ஒன்று: ஆரம்பத்தில் கொடுத்த ஆன்டிபாடி சிகிச்சைக்குப் பிறகு வைரஸை அடக்கியது சிடி8 டி செல். வலுவாகச் சுட்டியது இன்னொன்று: கூட்டு மருந்தால் அது வரவில்லை. ஆன்டிபாடி எந்த வழியாக அந்த டி செல்லை உண்டாக்கியது என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. எஃப்சி தண்டு செயலிழந்த ஆன்டிபாடி பெற்ற குழு ஒன்று அதில் இல்லாததுதான் காரணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குரங்குச் சோதனை செலவு மிகுந்தது, ஒரு தாளில் எல்லாக் கேள்விக்கும் பதில் வராது. மோன்பெலியே எலிகளில் அந்தச் சோதனை நடந்து, தண்டு தேவை என்று தெரிந்திருப்பதால் குரங்கிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நான் சாய்கிறேன். சாய்வது வேறு, நிரூபணம் வேறு.

இதைத் தீர்க்க என்ன செய்யலாம் என்றால், மூன்று குழு போதும் என்று தோன்றுகிறது. ஒன்றுக்கு முழு ஆன்டிபாடி. இரண்டாவதுக்கு, தண்டில் எஃப்சி காமா ஏற்பியைப் பிடிக்கும் இடம் மட்டும் முடக்கப்பட்ட ஆன்டிபாடி. ரத்தத்தில் தங்கும் காலத்தைத் தீர்மானிக்கும் எஃப்சிஆர்என் ஏற்பி இணையும் இடத்தில் கைவைக்கக் கூடாது. வைத்தால் இரண்டாவது குழுவில் ஆன்டிபாடி சீக்கிரம் தேய்ந்து, வைரஸ் சீக்கிரம் எழும், ஒப்பீடே கெட்டுப்போகும். மூன்றாவதுக்குக் கூட்டு மருந்து, ஆனால் ஒரே நாளில் நிறுத்தாமல், ஆன்டிபாடி தேய்வது போல அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போவது. முதல் குழுவில் மட்டும் அடக்கம் வந்தால் தண்டுதான் காரணம். மூன்றிலும் வந்தால் டி செல்லுக்குக் கிடைத்த அவகாசமே போதுமானதாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் காக், வெளியுறை இரண்டுக்கும், சிடி4, சிடி8 இரண்டுக்கும் தனித்தனியே டி செல் பதிலை அளக்க வேண்டும். மொத்தமாகக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால், ஒரு துண்டுக்கான பதில் ஏறி இன்னொன்று இறங்கியிருந்தாலும் கண்ணில் படாது.